மறை 31 பாகையா, மறை 43 பாகையா?

எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் இருக்கும் தாய் ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய மகன் வருகிற ஜனவரியில் கனடாவின் வின்னிபெக் நகரத்துக்குப் படிக்கப் போகிறான். கைபேசியில் அந்த ஊரின் வானிலையைத் திறந்து பார்த்திருக்கிறார். மேலே மறை 31 பாகை, அதாவது பூச்சியத்துக்குக் கீழே 31 பாகை செல்சியஸ் என்றும், அதன் கீழே சிறிய எழுத்தில் ‘உணரப்படுவது மறை 43’ என்றும் இருந்ததாம். “அண்ணை, இதில் எதை நம்புவது? சாதனைக் குளிர் என்று செய்தியில் சொல்கிறார்கள். உலகம் சூடாகிறது என்று சொல்பவர்களும் அவர்கள்தானே? மின்விசிறியை வேகமாகப் போட்டாலே போர்வை கேட்கிற பிள்ளை, அங்கே என்ன செய்யப் போகிறான்?”

வளிமண்டலவியல் திணைக்களத்தில் அவதானிப்பாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். வெப்பமானி பார்ப்பதே என் பிழைப்பாக இருந்தது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். சுருக்கமான பதில் இது: இரண்டு எண்களும் உண்மை. முதல் எண் அங்குள்ள காற்றின் வெப்பநிலை. இரண்டாவது எண் உங்கள் மகனின் மூடாத கன்னத்துக்கு உரியது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். பதிவேட்டில் ஏறுகிற குளிர் வேறு, ஆளை அடிக்கிற குளிர் வேறு. செய்தியில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள். உங்கள் பயமும் அங்கிருந்துதான் வருகிறது.

இதை நான் நுவரெலியாவில் கற்றேன். இளம் வயதில் அங்கே வேலை பார்த்த ஒரு ஜனவரி, அதிகாலை 5.30 அவதானிப்பு. வானத்தில் ஒரு மேகம் இல்லை, ஓர் இலை அசையவில்லை. எனக்கு மூத்தவர் கைவிளக்கோடு கூட வந்தார். வெள்ளை அடித்த மரப்பெட்டியைத் திறக்கும் முன் அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. “மூச்சைப் பிடித்துக்கொள். முதலில் தசமத்தைப் படி, பிறகு முழு எண்ணைப் படி.” நம் மூச்சுச் சூடு பட்டாலே வெப்பமானி ஏறத் தொடங்கிவிடும். முதலில் மாறுவது தசமம்தான். பெட்டிக்குள் ஏறத்தாழ 4 பாகை. நாலடி கீழே, புல்லின் மேல் படுக்க வைத்திருந்த வெப்பமானியைக் குனிந்து பார்த்தால் உறைநிலைக்குக் கீழே போயிருந்தது. புல்லின் நுனியெல்லாம் சீனி தூவியது போல வெள்ளை. வானொலியில் துகள் உறைபனி என்று சொல்வார்களே, அது. விடிந்த பிறகு பக்கத்து உருளைக்கிழங்குப் பாத்திகளைப் பார்க்கப் போனோம். பள்ளத்தில் இருந்த இலைகள் வெந்நீர் ஊற்றியது போலக் கறுத்துச் சுருண்டிருந்தன. மேட்டில் இருந்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. இருபது அடி உயர வித்தியாசம், அவ்வளவுதான்.

உலகத்தின் சாதனைக் குளிர் எல்லாம் இந்த ஒரே சூத்திரத்தில்தான் நடக்கிறது. பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை இரவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வானத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. மேகமும் ஈரமும் இருந்தால் அவை போர்வை போல அந்த வெப்பத்தைத் தடுத்து வைக்கும். கொழும்பில் இரவு வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வமாக இருப்பதற்கு, கடலோடு சேர்ந்து இந்த ஈரப் போர்வையும் காரணம். வானம் தெளிந்து, காற்று வறண்டு, அசைவில்லாமல் இருந்தால் தரை தன் வெப்பத்தை இழந்துகொண்டே போகும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துத் தண்ணீரைப் போலச் சரிந்து பள்ளத்தில் தேங்கும். மேலே போகப் போகக் குளிரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அங்கே தலைகீழாகிவிடும். காற்று வீசினால் மேலே உள்ள சூடும் கீழே உள்ள குளிரும் கலந்துவிடும். அதனால் சாதனைக்கு அமைதி வேண்டும்.

இப்போது இதே காட்சியைச் சைபீரியாவுக்குக் கொண்டு போங்கள். ஒரே இரவுக்குப் பதிலாக வாரக்கணக்கில் தொடரும் நீண்ட இரவுகள். பகலென்று வருவதும் சில மணி நேரச் சாய்ந்த வெளிச்சம்தான். தரையில் பனி. அந்தப் பனி விழுகிற வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, கீழே மண்ணில் இருக்கும் சூட்டையும் மேலே வரவிடாமல் மூடி வைக்கிறது. மேலே வாரக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து, வானத்தைத் தெளிவாகவும் காற்றை அமைதியாகவும் வைக்கும் உயர் அமுக்கம். சுற்றிலும் மலை, நடுவில் ஒய்மியாகோன் என்ற பள்ளத்தாக்குக் கிராமம். அங்கே 1933 பெப்ரவரி 6ஆம் திகதி மறை 67.7 பாகை பதிவாகியது. அதற்கு வடக்கே உள்ள வெர்கோயான்ஸ்க் நகரில் 1892 பெப்ரவரியில் மறை 67.8. ஒய்மியாகோன் என்ற பெயருக்கு ‘உறையாத நீர்’ என்று பொருள் சொல்வார்கள். பக்கத்தில் வெந்நீர் ஊற்று இருக்கிறது.

பெப்ரவரி என்பதைக் கவனியுங்கள். ஆண்டிலேயே நீளமான இரவு டிசம்பர் 21, 22இல் வந்து போய்விடுகிறது. ஆனாலும் தரை அதற்குப் பிறகும் வாங்குவதைவிட அதிகமாக இழந்துகொண்டே இருக்கும். வடக்கின் பெரிய எண்களில் பல தை மாதத்தில் விழுந்திருப்பதற்கு அதுதான் காரணம். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று நம் ஆட்கள் சொல்லி வைத்தது யாழ்ப்பாணத்துக்கும் தஞ்சாவூருக்கும் பொருந்துகிற பேச்சுத்தான். ஆனால் மார்கழியோடு குளிர் முடிந்துவிடாது என்ற அந்தக் கவனிப்பு சைபீரியாவிலும் அப்படியே நிற்கிறது. உங்கள் மகன் ஜனவரியில் இறங்குகிறான். பெப்ரவரி இன்னும் மிச்சமிருக்கும் என்று அவனிடம் சொல்லி வையுங்கள்.

ஓர் எண்ணைச் சாதனை என்று ஏற்பது எளிதல்ல. எனக்கு மிகப் பிடித்த கதை கனடாவின் யூகோன் பகுதியில் ஸ்னாக் என்ற சிறிய விமானத் தளத்தில் நடந்தது. 1947 பெப்ரவரி 3, காலை. இரசம் ஏறத்தாழ மறை 39 பாகையிலேயே கட்டியாகிவிடும். அதனால் அங்கெல்லாம் மதுசார வெப்பமானிதான். அன்று மதுசாரம் இறங்கி, கண்ணாடியில் பொறித்திருந்த கடைசிக் கோட்டையும் தாண்டிக் குமிழுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அதற்குக் கீழே எண்ணே இல்லை. அங்கிருந்த அவதானிப்பாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அது நின்ற இடத்தில் கண்ணாடியின் மேலேயே ஒரு கீறல் போட்டார்கள். பிறகு அந்த வெப்பமானி ரொறன்ரோவுக்கு அனுப்பப்பட்டுச் சோதிக்கப்பட்டது. மறை 63 பாகை என்று ஏற்றுக்கொண்டார்கள். கனடாவின் சாதனை இன்றுவரை அதுதான். விரல் மரத்துப்போகும் அந்தக் குளிரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று அந்தக் கீறலைப் போட்டவர்களை நினைக்கும்போது எனக்கு இன்றும் மரியாதையில் தலை தாழ்கிறது.

அன்று பல கிலோமீட்டர் தள்ளியிருந்த கிராமத்து நாய்கள் குரைத்தது பக்கத்தில் குரைப்பது போலக் கேட்டதாம். அது கற்பனை இல்லை. கீழே குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றும் இருக்கும்போது ஒலி மேலே போகாமல் தரைப்பக்கம் வளைந்து வரும். விட்ட மூச்சு உறைந்து சரசரக்கும் சத்தமும் காதுக்குக் கேட்கும். சைபீரியாவின் யாக்கூத்து மக்கள் அதை விண்மீன்களின் கிசுகிசுப்பு என்கிறார்கள்.

வட அரைக்கோளத்தின் சாதனை இப்போது கிறீன்லாந்துக்குச் சொந்தம். 1991 டிசம்பர் 22ஆம் திகதி, பனிப்படுகையின் மேல் 3,000 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் கிளிங்க் என்ற தானியங்கி நிலையம் மறை 69.6 பாகை என்று பதிவு செய்தது. மனிதர் யாரும் அங்கே இல்லை. பழைய தரவுகளைத் தேடி, கருவி எப்படி இருந்தது, பின்னர் எப்படிச் சோதிக்கப்பட்டது என்றெல்லாம் பார்த்து, உலக வானிலை அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது 2020இல்தான். ஏறக்குறைய 29 ஆண்டு கழித்து! மறுபக்கம், ஒய்மியாகோனில் மறை 71.2 என்று பொறித்த நினைவுச் சின்னமே நிற்கிறது. ஆனால் அந்த எண் நேரில் அளக்கப்பட்டதல்ல, 1920களில் கணிக்கப்பட்டது. அதனால் அது பதிவேட்டில் இல்லை. சமூக ஊடகத்தில் யாராவது ஓர் எண்ணைப் போட்டால், எந்த நிலையம், எந்தக் கருவி, தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். காருக்குள் இருக்கும் காட்டியும் சாளரத்தில் தொங்கும் வெப்பமானியும் கணக்கில் வராது.

வடக்கே போகப் போகக் குளிர் கூடும் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். வடதுருவத்தில் சாதனை எதுவும் விழவில்லை. அங்கே உறைந்த மேற்பரப்புக்கு அடியில் கடல் இருக்கிறது, உறைநிலையை ஒட்டி நிற்கும் கடல்நீர் கீழிருந்து சூடு கொடுத்துக்கொண்டே இருக்கிறது. உங்கள் தங்கை இருக்கும் லண்டன், வின்னிபெக்கைவிட வடக்கே இருக்கிறது! லண்டனுக்கு மேற்கிலிருந்து கடற்காற்று வந்துகொண்டே இருக்கும். வின்னிபெக் கண்டத்தின் நடுவில், தட்டையான சமவெளியில், எந்தக் கடலின் ஈரக் காற்றும் எளிதில் எட்டாத இடத்தில் இருக்கிறது. அங்கே 1879 டிசம்பர் 24ஆம் திகதி மறை 47.8 பாகை பதிவாகியிருக்கிறது. நம் ஆட்கள் நிறைந்திருக்கும் ரொறன்ரோவுக்குப் பெரிய ஏரி துணை. அங்கே பதிவான மிகக் குறைந்தது 1859 ஜனவரியில் மறை 32.8. எனவே ரொறன்ரோ உறவினர் சொல்லும் குளிரை வைத்து வின்னிபெக்கைக் கணக்குப் போட வேண்டாம்.

சரி, அந்த மறை 43 எங்கிருந்து வந்தது? நம் உடம்பு தன்னைச் சுற்றி மெல்லிய சூடான காற்றுப் படலம் ஒன்றை வைத்திருக்கிறது. காற்று வீசும்போது அந்தப் படலத்தை உரித்துக்கொண்டே போகிறது. சூடான தேநீரை ஊதிக் குடிக்கும்போது நாம் செய்வதும் இதைத்தான். 1940களில் அந்தாட்டிக்காவில் இரண்டு அமெரிக்கர்கள், தண்ணீர் நிரப்பிய உருளையைக் காற்றில் தொங்கவிட்டு அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து இந்தக் கணக்கைத் தொடங்கினார்கள். 2001இல் கனடாவும் அமெரிக்காவும் அதைத் திருத்தின. குளிரூட்டிய காற்றுச் சுரங்கத்தில் ஆட்களை நடக்கவிட்டு, அவர்கள் முகம் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று அளந்து புதிய சூத்திரம் செய்தார்கள். மறை 31 பாகையில் மணிக்கு 15 கிலோமீற்றர் காற்று வீசினால் அது மறை 43 என்று கணக்கு வருகிறது. காலி முகத்திடலில் பட்டம் விடும் மாலைக் காற்றில் கூட இந்த வேகம் இருக்கும். வின்னிபெக் தட்டைச் சமவெளி, காற்றுக்குத் தடை குறைவு.

அந்த எண் வெறும் பயமுறுத்தல் அல்ல. மறை 40 முதல் மறை 47 வரை உணரப்படும் நாளில், மூடாத தோல் 5 முதல் 10 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கலாம் என்று கனடாவின் வானிலைத் துறை எச்சரிக்கிறது. ஒரு பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் நேரம். ஆனால் நிறுத்தி வைத்த காரோ தண்ணீர்க் குழாயோ மறை 43க்குப் போகாது. அவை மறை 31லேயே நின்றுவிடும், வேகமாக அங்கே போய்ச் சேரும், அவ்வளவுதான். அமெரிக்கச் செய்திகளைப் பார்த்தால் அளவை என்ன என்றும் கவனியுங்கள். அவர்கள் பரனைற்றில் சொல்கிறார்கள். மறை 40இல் மட்டும் இரண்டு அளவையும் ஒன்றாகச் சந்திக்கும்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இது. சைபீரியாவின் யாக்கூத்ஸ்க் நகரில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். மறை 40இல் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். மண்ணுக்கு அடியில் என்றும் உறைந்திருக்கும் நிலம் வீட்டின் சூட்டில் உருகிவிடாமல் இருக்கத் தூண்களை ஊன்றி அவற்றின் மேல் கட்டடம் எழுப்புகிறார்கள். மறுபக்கம், 2021 பெப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தில் டலஸ் விமான நிலையம் கண்டது ஏறத்தாழ மறை 19 பாகைதான். யாக்கூத்ஸ்க்கில் அது இளவேனில். ஆனால் டெக்சாஸில் மின் நிலையங்களும் எரிவாயுக் குழாய்களும் குளிரில் நின்றுபோயின. பல இலட்சம் வீடுகள் இருட்டில் கிடந்தன. அரசாங்கக் கணக்கின்படியே 246 பேர் இறந்தார்கள். அவர்களில் சிலர் குளிரால் சாகவில்லை. சூட்டுக்காக வீட்டுக்குள் கரி மூட்டியும் மூடிய கொட்டகைக்குள் காரை ஓடவிட்டும், மணமே இல்லாத காபனோரொட்சைட்டு வாயுவை மூச்சில் இழுத்து இறந்தார்கள். மலைநாட்டில் அறைக்குள் கரிச்சட்டியை வைத்துப் படுப்பவர்களுக்கும் இதே ஆபத்து இருக்கிறது. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

உலகம் சூடாகும்போது இவ்வளவு குளிர் எப்படி என்ற கேள்விக்கு வருகிறேன். குளிர்காலத்தில் வடதுருவத்துக்கு மேலே, மேகங்களுக்கும் மேலே உள்ள படைமண்டலத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பெரும் காற்றுச் சுழல் ஒன்று ஓடும். அது வலுவாக இருந்தால் குளிர்ந்த காற்று பெரும்பாலும் வடக்கிலேயே அடைபட்டுக் கிடக்கும். சில ஆண்டுகளில் அந்தச் சுழல் குலைந்து பிளவுபடுகிறது. பிறகு ஒரு துண்டுக் குளிர் தெற்கே வழிகிறது. 2019 ஜனவரி 30இல் சிக்காகோவில் மறை 30.6 பாகை பதிவானது இப்படித்தான். அதே ஜனவரியில் அவுஸ்திரேலியா அதுவரை காணாத வெப்ப மாதத்தில் வெந்துகொண்டிருந்தது. ஓரிடத்துக் குளிரை வைத்து உலகத்தின் கணக்கை முடிக்க முடியாது. துருவப் பகுதி சூடாவதால் அந்தச் சுழல் அடிக்கடி குலைகிறதா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் இணக்கம் இல்லை. ஆனால் குளிர்ச் சாதனைகள் குறைந்து வெப்பச் சாதனைகள் பெருகுவதில் ஐயமே இல்லை. மறை 67.8 கண்ட அதே வெர்கோயான்ஸ்க், 2020 ஜூன் 20இல் 38 பாகை வெயிலைக் கண்டது. கொழும்பு அந்த வெயிலைக் கண்டால் நாம் வெளியே தலைகாட்ட மாட்டோம். குளிர் முற்றாகப் போய்விடவும் இல்லை. சீனாவின் மோஹே நகரப் பகுதியில் 2023 ஜனவரி 22ஆம் திகதி மறை 53 பாகை விழுந்து அந்த நாட்டின் பழைய சாதனையை முறித்தது.

இனி உங்கள் பிள்ளை. தாங்குவான். நானே மகள் வீட்டில், கனடாவின் எட்மன்டனில், ஒரு குளிர்காலம் முழுவதும் இருந்திருக்கிறேன். மறை 34இல் முதன்முதலாக வெளியே இறங்கியபோது மூக்குக்குள் உள்ள மயிர் விறைத்து முள் போலக் குத்தியது. காலடியில் பனி, புதுச் செருப்பைப் போலக் கிறீச்சிட்டது. மூக்குக் கண்ணாடியின் உலோகம் காதோரம் சுட்டது. ஆம், சுட்டது என்றுதான் தோன்றியது. இரண்டு வாரத்தில் எனக்கே பழகிவிட்டது. இருபது வயதுப் பிள்ளைக்கு ஒரு வாரம் போதும். வின்னிபெக்கில் நகர நடுவில் கட்டடத்துக்குக் கட்டடம் மூடிய நடைபாலங்கள் இருக்கின்றன. கார் நிறுத்தும் இடங்களில் இயந்திரத்தைச் சூடாக வைக்க மின்சாரம் செருகும் இடமும் இருக்கும். அந்த ஊர் குளிருக்கென்றே பழகிய ஊர்.

அவன் கவனிக்க வேண்டியது விரல், காது, மூக்கு, கன்னம். உடம்பு நடுப்பகுதியைக் காப்பாற்றுவதற்காக ஓரங்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும். கட்டைவிரல் தவிர மற்ற நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் கையுறை, விரல் விரலாகப் பிரிந்ததைவிட நல்லது. இங்கே நாம் போடும் பருத்திப் பெனியனை அங்கே உள்ளே போடக் கூடாது. வியர்வையில் நனைந்தால் அது காயாது, உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது செயற்கை இழையில் மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கு, வெளியே காற்றுப் புகாத ஒன்று. சப்பாத்து இறுக்கமாக இருக்கக் கூடாது. உறைகடி, அதாவது குளிரில் தோல் உறைந்துபோவது, தொடங்கும்போது தோல் வெளிறும் என்று எழுதியிருப்பார்கள். நம் நிறத்துத் தோலில் அது சாம்பல் பூத்தது போலத்தான் தெரியும், சில வேளை தெரியவே தெரியாது. வலித்த இடம் திடீரென்று வலிக்காமல் மரத்துப்போனால் அதுவே அறிகுறி. உடனே உள்ளே போக வேண்டும். தேய்க்கக் கூடாது, அடுப்பில் காட்டக் கூடாது. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். 37 முதல் 39 பாகை வரையுள்ள இளஞ்சூட்டு நீரில் அமிழ்த்தி, உணர்ச்சி திரும்பாவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். நடுக்கம் நின்று பேச்சுக் குழறினால் அது உடம்பின் உள்வெப்பம் இறங்குவதன் அறிகுறி, உடனே அவசர உதவியை அழைக்க வேண்டும். மது குடித்தால் சூடு ஏறும் என்று நண்பர்கள் சொல்வார்கள். தோலுக்கு இரத்தம் பாய்வதால் சூடு போலத் தோன்றும், உள்ளே இருக்கும் வெப்பம் அதே வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும்.

காலையில் வெளியே போகும் முன் அவன் இரண்டாவது எண்ணைப் பார்த்து உடுத்தட்டும். முதல் எண் என்னைப் போன்றவர்களின் பதிவேட்டுக்கு.

புறக்கோட்டையில் தடித்த குளிர் அங்கி பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அதை வாங்காதீர்கள். அது நுவரெலியாவுக்குப் போதும், வின்னிபெக்குக்குப் போதாது. இங்கே கம்பளிக் காலுறையும், காதை மூடும் தொப்பியும், கழுத்துத் துணியும், போய்ச் சேரும் நாளுக்கு ஒரு சாதாரண ஜாக்கெட்டும் எடுத்தால் போதும். பெரிய அங்கியும் சப்பாத்தும் அங்கே போன மறுநாள் வாங்கட்டும், அந்த ஊர்க் கடைக்காரனுக்கு அந்த ஊர்க் குளிர் தெரியும். இங்கிருந்து எடுப்பவற்றைப் பெரிய பெட்டிக்குள் போட்டு விமானத்தில் ஏற்றிவிட வேண்டாம். பெட்டி தாமதமானாலும் அவன் விமான நிலையத்துக் கதவைத் தாண்டி நடக்கத்தான் வேண்டும். கைப்பையில் மேலாகவே இருக்கட்டும்.